ஒன்றுக்குப் பன்னிரண்டு

எனக்கு லைசென்ஸ் கிடையாது.
புக்கிட் பாத்தோக்கில் மூன்று முறை
பக்கவாட்டில் நிறுத்தத் தெரியாமல்
பஸ்ஸில் வீடு திரும்பியவன்.
ஆனால் எண்பத்து மூன்று கார்களை
இந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன்,
ஒன்றின் பம்பர் மற்றொன்றில் உரசாமல்.

குண்டு விழுந்தால் ஒளியவென்று
வீட்டோடு கட்டிக்கொடுத்த அறை.
பக்கத்து வீட்டில் அதற்குள் அரிசி, பழைய காற்றாடி,
போன வருடத்துச் சிவப்பு விளக்குகள்.
எங்கள் வீட்டில் தின்னர் வாசம்.
"சண்டை வந்தா முதல்ல
உங்க காரையெல்லாம் வெளிய எடுத்து வைக்கணும்,
அப்புறம்தான் நமக்கு எடம்" என்பாள் குமுதவல்லி.

மழை நாளில் பெயின்ட் அடிக்கக் கூடாது.
டிசம்பரில் இந்த ஊர்க் காற்று
தண்ணீர் குடித்த காற்று.
பளபளப்பின் மேல் பாலாடை போல வெளுத்துவிடும்.
இதைத் தெரிந்துகொள்ள எனக்கு
ஒரு நீலக் கார், ஒரு சிவப்புக் கார்,
தேசிய சேவைச் சம்பளத்தில் பாதி
தேவைப்பட்டன.

துவாஸில் என்னோடு இரவு ஷிஃப்ட் பார்க்கும் ரோஸ்லி
ஒருநாள் கேட்டான்.
அவன் பைக்கின் சிஓஇ முடிகிறது.
புதுப்பிக்கிற காசுக்கு மகளின் பாலிடெக்னிக் இருக்கிறது.
வண்டி இரும்புக்குப் போகிறது.
"சின்னதா ஒண்ணு செஞ்சு கொடு.
டாங்க்ல அந்த நசுங்கலும் வேணும்."

முப்பத்தெட்டு வருடமாக நான் கற்றதெல்லாம்
தழும்பை மறைக்க.
இரண்டு பாதி சேரும் கோட்டில் புட்டி வைத்து
நானூறு, எண்ணூறு, ஆயிரத்து இருநூறு என்று
உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்த்து
நகம் ஓட்டினால் நகத்துக்குத் தெரியக் கூடாது.
இவன் காயம் கேட்கிறான்.

கோழிமுட்டை அளவுப் பள்ளம்.
பன்னிரண்டால் வகுத்தால் கொத்தமல்லி விதை.
சூடான கரண்டிக் காம்பை வைத்தேன்,
டாங்க் ஐஸ்கிரீமாய் உருகிற்று.
ஒரு டாங்குக்காக இன்னொரு முழுக் கிட் வாங்கினேன்.
இது இன்றுவரை குமுதவல்லிக்குத் தெரியாது.
இரண்டாவதில், மெழுகுவர்த்தியில் காட்டிய குண்டூசித் தலை.
மூச்சை அடக்கி
ஒரே ஒரு தொடல்.
விழுந்த வண்டி மாதிரியே இருந்தது.

நடுவில் பிரேக் லீவர்
கிடுக்கியிலிருந்து தெறித்துப் போனது.
வெட்டிய நகத்துணுக்கைவிடச் சிறியது.
டார்ச் அடித்து மண்டியிட்டு
ஒன்றரை மணி நேரம் தரையைத் தடவினேன்.
கண்ணாடி போட்டும் தேடினேன், கழற்றியும் தேடினேன்.
கடைசியில் ஸ்டேப்ளர் பின்னை வளைத்து
வேறொன்று செய்து ஒட்டினேன்.

நூடுல்ஸ் டப்பாவில் பஞ்சு வைத்து
காப்பிக்கடைக்கு எடுத்துப் போனேன்.
ரோஸ்லி தே தாரிக்கை ஓரமாய்த் தள்ளிவிட்டு
மேசையைத் துடைத்தான்,
சட்டையில் கையையும் துடைத்தான்.
செயினைப் பார்த்தான். சைலன்சர் துருவைப் பார்த்தான்.
பிறகு, "அலாமாக்.
நசுங்கல் அந்தப் பக்கம்."

அவன் அனுப்பியது மனைவி எடுத்த செல்ஃபி.
இடம் வலமாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.
வருடக்கணக்காக அந்த வண்டியைக்
கேட் விளக்கடியில் பார்த்தவன்தான் நானும்.

திரும்பக் கொடு, சரிசெய்கிறேன் என்று
கையை நீட்டினேன்.
டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.
"பரவாயில்ல.
அந்தப் பக்கமும் ஒரு தடவை விழுந்திருக்கேன்.
அப்ப டாங்குக்கு ஒண்ணும் ஆகல,
எனக்குத்தான்."
முழங்காலைத் தட்டிக் காட்டினான்.

போன வாரம் துணி காயப்போடும்போது
குமுதவல்லி என் வேட்டி மடிப்பிலிருந்து
எதையோ ஊதித் தள்ளப் பார்த்தாள்.
"இது உங்களோடதா?"
பழைய காசுகள் போடும் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

லைசென்ஸ் இல்லை,
இப்போது வண்டியில்லாத ஒரு பிரேக் இருக்கிறது.