செவ்வாய்க்கிழமை வாளி

செந்தூலில் எங்கள் ஆய்வுக்கூட மொட்டைமாடியில்
ஒரு வெள்ளை வாளி நிற்கிறது.
மழை தொட்டால் மூடி தானாகத் திறக்கும்,
விட்டால் மூடிக்கொள்ளும்.
செவ்வாய்தோறும் காலை ஏழரைக்கு
அதைத் தூக்கிக்கொண்டு இறங்குவது என் வேலை.
பதினோரு வருடம். மின்தூக்கி பாதி நாள் ஓடாது.

உள்ளே பார்த்தால் தண்ணீர்தான்.
வாசமில்லை, நிறமில்லை,
பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கலாம் போல.
கண்ணாடிக் குச்சியை இறக்குவேன்.
எண் தத்தளிக்கும்,
ஐந்து, நான்கு புள்ளி எட்டு, நான்கரை,
பிறகு களைத்து நிற்கும்:
நான்கு புள்ளி மூன்று.

"ஒன்றேகால்தானே அக்கா குறைஞ்சிருக்கு?"
பயிற்சிக்கு வந்த ஷர்மிணி கேட்டாள்.
கெடாத மழையே ஐந்தரைக்குச் சற்று மேலேதான்,
வானத்துக்கென்று கொஞ்சம் புளிப்பு உண்டு.
ஆனால் இந்த அளவுகோல் வட்டிக்கடைக்காரன் மாதிரி, பெண்ணே.
ஒன்று இறங்கினால் பத்து மடங்கு கணக்கு.
ஒன்றேகாலுக்கு விரல் விட்டுப் பார்த்தாள்.
பதினெட்டில் நிறுத்திக்கொண்டாள்.

என் கணவர் தனபாலன் லோரி ஓட்டுகிறார்.
ராவாங்கிலிருந்து சிமெண்டு, நாளுக்கு நாலு நடை.
நடைக்குத்தான் கூலி, நாளுக்கு இல்லை.
இஞ்செக்டர் போய்விட்டது, மாற்றுங்கள் என்று
முதலாளியிடம் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது.
"ஓடுதில்ல? அப்ப ஓட்டு."
ஜாலான் ஈப்போ மேட்டில் அது ஏறும்போது
பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்கள்
கறுப்புக்குள் நுழைந்து
கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்.

இரவுச் சாப்பாட்டில்
பந்தாட்ட முடிவு கேட்பதுபோல் கேட்பார்:
"இன்னைக்கு எவ்வளவு?"
"நாலு புள்ளி மூணு."
"அதுல என்னோடது எவ்வளவு?"
தெரியாது என்பேன்.
மழை பேர் எழுதிக்கொண்டு இறங்குவதில்லை.
நிலக்கரி எரியும் உலையும் அதில் இருக்கிறது,
ஐந்து நிமிட நடைக்கு நான் எடுக்கும் காரும் இருக்கிறது.

பத்துமலைச் சுண்ணாம்புப் பாறையில்
அந்தச் சொட்டு விழும்போது
மிக மெல்ல ஒரு சீறல் எழ வேண்டும்.
படியேறும் கூட்டத்தின் இரைச்சலில்
அதை யார் கேட்பது?
முருகன் கேட்டிருப்பானோ என்னவோ.

ஆகஸ்டில் புகைமூட்டம்.
எங்கோ எரிந்த சதுப்புக்காடு
எங்கள் ஏழாவது மாடி ஜன்னலில் வந்து உட்கார்ந்தது.
இரட்டைக் கோபுரம் இருந்த இடத்தில்
அலசாத துணி ஒன்று தொங்கியது.
பள்ளிக்கு விடுமுறை.
யுகேந்திரன் நெபுலைசர் முகமூடியோடு
விமானி விளையாடினான், இரவு இரண்டு மணிக்கும்.
லோரி மட்டும் நிற்கவில்லை.
வாளியின் மூடி மூன்று வாரம் திறக்கவே இல்லை.
பதிவேட்டில் எழுதினேன்: மாதிரி இல்லை.

பிறகொரு மாலை வந்தது மழை.
அடுக்குமாடி முழுக்க இறங்கி ஓடியது,
ரொக்கியா அக்கா துணியைக்கூட எடுக்கவில்லை.
முதல் மழை வானத்தைக் கழுவிய கழுநீர்,
எனக்குத் தெரியும்.
பையனைக் கூப்பிட வாய் திறந்தேன்.
அவன் மூன்று வாரத்தில் முதல்முறையாக
இளைக்காமல் சிரித்துக்கொண்டிருந்தான்.
நானும் கையை நீட்டினேன்.

மறுநாள் செவ்வாய்.
மூன்று புள்ளி ஒன்பது.
மூன்று தரம் அளந்தேன். ஷர்மிணியையும் அளக்கச் சொன்னேன்.
உள்ளதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்றிரவு பையன் தமிழ்ப் பாடம் வாசித்தான்,
மழையை நம் முன்னோர் அமிலம் என்றார்களாம்.
அமிழ்தம்டா, என்றேன். நாக்கை மடி.
மடித்தான். மறுபடியும் அமிலம்.
அடுத்த பக்கம் போகச் சொன்னேன்.

"இன்னைக்கு எவ்வளவு?" என்றார் அவர்.
முழங்கைவரை சிமெண்டுத் தூசி,
கண்ணிரண்டும் சிவப்பு.
"வழக்கம்போலத்தான்," என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

ரசத்துல புளி பத்தல, என்றார்.