வலப்பக்கம் மட்டும்

இடது பக்கம் ஒழுங்காக அணைகிறது.
வலது பக்கம்தான் அணைய மறுக்கிறது.
இதைத்தான் முதலில் குறித்துக்கொண்டேன்,
ஒரு ரசீதின் முதுகில், பென்சிலால்.
பேனாவில் மை உறைந்துபோயிருந்தது.

ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த கிழட்டு சுபாரு.
ஸ்டியரிங் வலப்பக்கம்.
ஃபின்லாந்தில் மற்றவர்களுக்கு அது தப்பான பக்கம்.
தபால்காரியான எனக்கு, கண்ணாடியை இறக்கினால்
பெட்டி கைக்கெட்டும்.
கூமோவுக்கு வடக்கே நூற்று நாற்பத்தொரு பெட்டிகள்.
ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம் கண்சிமிட்டி,
ஒதுங்கி, போட்டு, கிளம்பி.
ஆறு வருடம்.
பெருக்கிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

செவ்வாய்க்கிழமை ஏரி வளைவில் திரும்பினேன்.
சக்கரம் நேரானது.
விளக்கு இன்னும் திரும்பிக்கொண்டே இருந்தது.
வானொலியில் பனிச்சறுக்குப் பந்தயம், கடைசி இரண்டு கிலோமீட்டர்.
டிக் டிக் என் காதில் விழவில்லை.
மர அறுவை மில் முனையில் காத்திருந்த
எஸ்கோவின் கண்ணில் விழுந்தது.
நம்பினார். நம்பி வெளியே வந்தார்.

இரண்டு வண்டியும் பனிக்குவியலில், மூக்குவரை.
யாருக்கும் ஒன்றுமில்லை.
அவர் இறங்கி, தொப்பியைச் சரிசெய்து,
"திரும்பப் போறேன்னு சொன்னியே" என்றார்.
"நான் சொல்லல. அது சொல்லிச்சு."
"எது?"
அதற்கு என்னிடம் பதிலில்லை.

பேட்டரிக் கம்பியைக் கழற்றிப்
பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும்,
காற்றுப்பை தூங்கும்வரை.
அந்தப் பத்து நிமிடமும் என் கொட்டகையில்
எஸ்கோ டார்ச்சைப் பிடித்தபடி
வாய் திறக்காமல் நின்றார். எங்கள் பக்கம் அது மரியாதை.
நட்டைத் தளர்த்துமுன் நகச்சாயத்தில் ஒரு கோடு:
ஒரு பல் தள்ளி மாட்டினாலும் போச்சு,
வண்டி நேராகப் போகும், கை கோணலாக இருக்கும்.
(தங்கை விட்டுப்போன நகச்சாயம், பவழ நிறம்.
அந்தக் கோடு இன்னும் உள்ளே இருக்கிறது.)

சக்கரத்தை உருவி எடுத்தேன்.
ஏதோ ஒரு மூளை இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்.
இருந்தது பிளாஸ்டிக்கில் இரண்டு நாக்கு,
ஒரு சுருள்வில், கறுத்த கிரீஸ்.
போகும்போது நாக்கு மடங்கி வழிவிடும்.
மீளும்போது இடறி, கம்பியைத் தட்டிவிடும்.
திரும்பியாயிற்று என்று வண்டிக்குத் தெரிவது
இந்த இடறலில்தான்.

இடது நாக்கு நேற்று வாங்கியதுபோல.
வலது நாக்குக்கு நுனியில்லை.
குறுநொய் அளவில் ஒரு துண்டு
அடியில் எங்கோ கிடந்தது. காந்தத்துக்கு வராது.
எஸ்கோ போய்த் தன் தூண்டில் பெட்டியிலிருந்து
மீன் வாயில் முள்ளெடுக்கும் இடுக்கியோடு வந்தார்.

புது சுவிட்சு ஓவுலுவிலிருந்து வர ஒன்பது நாள்.
அந்த ஒன்பது நாளும் நாக்கு நானே.
திரும்பு, நேராக்கு, அணை.
திரும்பு, நேராக்கு, அணை.
தூக்கத்தில்கூட வலக்கை எதையோ அணைத்ததாகக்
கணவர் புகார் சொன்னார்.

பத்தாம் நாள் காலை பார்சலைத் தரம்பிரிக்கும் மேசையில் பார்த்தேன்.
என் பெயர், என் முகவரி, என் பையிலேயே.
என் வீடு நூற்றுப் பதினெட்டாவது பெட்டி.
பிரிக்கவில்லை. வரிசை வரிசைதான்.
பின்சீட்டில் அது குலுங்கக் குலுங்க
நூற்றுப் பதினேழு முறை கையால் அணைத்து,
எனக்கு நானே பட்டுவாடா செய்தேன்.

இப்போது அணைகிறது.
சக்கரம் மீளும்போது டக்கென்று ஒரு சத்தம்,
யாரோ உள்ளேயிருந்து "சரி" என்பதுபோல.

நேற்று மில் முனையில்
உண்மையிலேயே திரும்ப வேண்டியிருந்தது.
வலப்பக்கம் போட்டேன்.
எஸ்கோ அங்கேயே காத்திருந்தார்.
பாதை காலி, விளக்கு சிமிட்டுகிறது, வண்டி மெதுவாகிவிட்டது,
அவர் அசையவில்லை.
என் முன்டயர் அவர் சாலையின் பனியை நசுக்கிய பிறகுதான்
கியர் போட்டார்.
கடந்துபோகையில் ஸ்டியரிங்கிலிருந்து
ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.
நானும் ஒன்றை.