தொடர்பில் இருந்தவர்கள்

படிவத்தில் பதினெட்டுக் கட்டங்கள்.
கடந்த பதினான்கு நாட்களில்
ஆறடிக்குள் வந்தவர் யார் யார்?
டாக்டர் அரபியில் கேட்டதை
நான் தமிழில் கேட்கிறேன்.
முகக்கவசத்துக்குள்
என் குரலே எனக்கு அடுத்த வீட்டுக்காரி.

சீனி நைனா. நாற்பத்தொரு வயது.
தொண்டிப் பக்கம்.
ஹுஃபூஃபுக்கு வெளியே ஒட்டகப் பட்டி.
இரண்டு மூச்சுக்கு நடுவே
இடம் பார்த்து ஒரு சொல் வைக்கிறார்:
"யாருமில்லம்மா."

தண்ணி லாரிக்காரர்?
குழாயை மாட்டிவிட்டு ஏறிக்கொள்வார்.
முதலாளி?
வெள்ளிக்கிழமை காருக்குள்ளிருந்து கை காட்டுவார்.
வீட்டில்?
"போன்ல பேசினா ஒட்டிக்குமா?"

பிறகு அவராகவே சொன்னார், மைனா என்று.
மூன்று நாள் மூக்கு ஒழுகியதாம்,
இவர்தான் துடைத்துவிட்டாராம்.
பச்சைப் பாலைக் குடித்தாராம்.
குளிரில் அதன் வயிற்றோடு ஒட்டிப் படுத்தாராம்.
எழுதினேன்.
பெயர்: மைனா. செல்பேசி: இல்லை.
உறவுமுறை என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

நான்காம் நாள் தொண்டையில் குழாய் போட்டார்கள்.
ஐந்தாம் நாள் காய்ச்சல்
தொழிற்பேட்டை முகாமின் இருபத்தேழாம் அறையில்
கண் விழித்தது.

அங்கே கட்டில் ஆறு, ஆட்கள் பன்னிரண்டு.
இரவு ஷிப்ட் எழுந்தால் பகல் ஷிப்ட் படுக்கும்.
தலையணை ஆறுவதே இல்லை.
வாசலில் நெற்றிக்கு நேராக வெப்பமானி;
அதற்கு அரைமணி முன்பே
இரண்டு பாராசிட்டமால்.
"சுட்டா லீவு. லீவுன்னா சம்பளம் கட்."
முகம்மது என்ற பெயர் ஏழு எழுத்துக்கூட்டலில்.
கொடுத்த நம்பர்களில் மூன்று
ஒரே ரீசார்ஜ் கடையில் அடித்தன.

சவரிமுத்து மட்டும்
கழிப்பறைச் சந்தில் வந்து நின்றான்.
"போன வியாழன் நைனாண்ணனுக்கு
நான்தான் முடி வெட்டுனேன்.
இருமிக்கிட்டே இருந்தாரு.
எங்க பேர சொல்லிட்டாராக்கா?"

சொல்லவில்லை.
யாருமில்லை என்றாரே,
அது தனிமை என்று நினைத்து
இரக்கப்பட்டுவிட்டேன்.
பன்னிரண்டு பேரின் சம்பளத்தை
அந்தச் சொல்லுக்குள் சுருட்டி வைத்திருந்தார்.
அதே சொல்லுக்குள்
கிருமியும் ஐந்து நாள் சௌகரியமாகப் படுத்திருந்தது.
கோபம் வந்தது.
யார் மேல் என்று கேட்டால்
அதற்கும் கட்டமில்லை.

முகாமுக்குச் சீல் வைத்த அன்று மாலை
பட்டிக்குப் போனோம்.
கால்நடை மருத்துவர், உதவியாளர், ஓட்டுநர், நான்.
நீளக் குச்சியில் பஞ்சு.
மைனாவுக்கு ஒன்றுமில்லை.
கண் பளபளப்பாக, வாய் அசைபோட்டபடி.
நாசிக்குள் பஞ்சைச் சுழற்றும்வரை
பொறுமையாக நின்றது;
மனிதக் கை அதற்குப் பழக்கம்.

பிறகு தும்மியது.
நாங்கள் நால்வரும் பின்னால் நகர்ந்தோம்.
அது
முன்னால் வந்தது.