புள்ளி வைத்தவள்

சங்கத்துக்கு மெய் என்று பெயர் வைத்தது நான்தான்,
பந்தாய் டாலாம் மாமாக் கடையில்,
ராத்திரி பதினொன்றரைக்கு,
தே தாரேக் ஆறி ஆடை கட்டிய பிறகு.

மேகவர்ணன் சின்னத்தில் விளக்கு வேண்டுமென்றான்.
கோமளாவுக்குப் புத்தகம், அதன்மேல் பேனா,
சுற்றிலும் நெற்கதிர்.
கூட்டுறவு வங்கியா திறக்கிறோம் என்றேன்.
சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து
தாளை நீட்டினேன்:
ஒரு வட்டம்.
அதற்குள், நடுவுக்குக் கொஞ்சம் மேலே,
ஒரு புள்ளி.

மெய் என்றால் உண்மை.
மெய் என்றால் உடம்பு,
எல்ஆர்டி கம்பியைப் பிடித்து நின்றபடியே
மூன்று வருடம் படித்த உடம்பு.
மெய் என்றால் தலையில் புள்ளி வாங்கிய எழுத்து.
அது கிரீடமில்லை, தெரியுமா,
உள்ளிருந்த அகரத்தை எடுத்தாயிற்று என்ற ரசீது.
'க்' என்று தனியாகச் சொல்லிப் பார்,
தொண்டை அடைக்கும்.
பக்கத்தில் ஓர் உயிர் வந்து உட்கார வேண்டும்.
கெட்டிக்காரர்கள் சங்கத்துக்கு
இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது?

மேகவர்ணன்தான் ரொட்டி சானாய்க்குக் காசு கொடுத்தான்.

புடுவில் பேட்ஜ் அடிக்கும் மிஸ்டர் யோங்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
மீதிப் படம் எங்கே?
இவ்வளவுதான்.
வெறும் புள்ளிக்கும் அச்சுக்கூலி அதேதான்.
பரவாயில்லை, நாற்பது அடியுங்கள்.

வெள்ளிக்கிழமை பரீட்சை முடிவு வந்தது.
சேர்வதற்கு மூன்று புள்ளி ஏழு வேண்டும்.
மூன்றரை போதுமே என்று மேகவர்ணன் கெஞ்சியபோது
மேசையைத் தட்டி மறுத்தவள் நான்.
எனக்கு
மூன்று புள்ளி ஆறு ஒன்பது.

இந்தப் புள்ளி அன்றைக்கு எனக்குத் தோன்றவேயில்லை.
எத்தனை புள்ளி, எத்தனை புள்ளி என்று
ஒன்றாம் ஆண்டிலிருந்து அப்பா கேட்டது காதில் இருந்தும்.
தலைமேல் ஏறாமல்
முழு எண்ணுக்கும் சில்லறைக்கும் நடுவே
தரையோடு தரையாகக் குந்தியிருக்கிறது.

பதவியேற்பு மண்டபத்தில் ஏர்கோன் குளிர்.
அறிவிப்பாளர் வரவில்லை, மைக் என் கையில்.
முப்பத்தொரு பெயர்.
நான் வாசிக்க வாசிக்க
ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.
பெட்டியில் ஒன்பது பேட்ஜ் மிச்சம்.

கோமளா மட்டும் அவசரத்தில்
தலைகீழாகக் குத்தியிருந்தாள்.
புள்ளி வட்டத்தின் அடியில் இறங்கிக் கிடந்தது,
மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவில் கிடப்பதுபோல்.
திருப்பிக் குத்தடி என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அடுத்த பெயர் வந்துவிட்டது.