பதின்மூன்றாவது ஆள்

சரக்கு ரயிலில் கடைசிப் பெட்டி என்னுடையது.
ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சைக் கொடி,
ஓசியில் ஏறுகிறவர்களை எண்ண ஒரு பென்சில்.
ரயிலுக்குப் பன்னிரண்டு பேர் வரை
கண்டும் காணாமல் விடலாம் என்பது
பாம்பா சமவெளியில் எங்களுக்குள் இருந்த வழக்கம்.

சில்வேரியோ எப்போதும் பதின்மூன்றாவது ஆள்.

மக்காச்சோளம் முற்றினால் பெர்காமினோ.
கோதுமை பழுத்தால் ட்ரெஸ் அரோயோஸ்.
இரண்டும் இல்லாத மாதங்களில்
எஞ்சினின் மூக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.
தோளில் ஒரு மூட்டை.
அதை அவர்கள் குரங்கு என்பார்கள்,
கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுப்பதால் இருக்கலாம்.
குரங்கின் வயிற்றில் ஒரு போர்வை,
மாத்தே குடிக்கச் சுரைக்குடுவை, மூடியில்லாத கெட்டில்,
நாற்பதுக்கு முப்பத்தொன்பது இருக்கும் சீட்டுக்கட்டு.
எந்தச் சீட்டு இல்லை என்பது
அவனுக்கு மட்டுமே தெரியும். ஆகவே ஜெயிப்பான்.

ஜூலைக் குளிரில் ஓரிரவு
போலீஸ்காரன் ரெக்கால்தே லாந்தரோடு ஏறினான்.
பெயர்?
சொன்னான்.
தொழில்?
பசிக்கும்போது உண்டு.
விலாசம்?
படுத்தவாக்கிலேயே கையை வெளியே நீட்டி
பெட்டியின் விலாவைத் தட்டினான்.
வெள்ளைச் சாயத்தில் 4417.
நல்ல மனசோ தூக்கக் கலக்கமோ,
ரெக்கால்தே அப்படியே எழுதிக்கொண்டான்.

அரசாங்க ஏட்டில் விழுந்த விதை
எங்கேயாவது போய் முளைக்கும்.
இரண்டு வருஷம் கழித்து லூகோவிலிருந்து,
கடல் தாண்டி, தூதரகம் தாண்டி,
ஓரமெல்லாம் கறுப்புக் கோடு போட்ட உறை.
திரு. சில்வேரியோ லோரெய்ரோ,
பெட்டி எண் 4417, ரயில்வே, அர்ஜென்டினா.
ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்துவிட்டு என்னிடம் எறிந்தார்.
உள்ளே கெட்டியாக ஏதோ இருந்தது.
தடவிப் பார்த்தேன். சாவி.

அன்றிலிருந்து எனக்குத்தான் அலைச்சல்.
4417 ரொசாரியோவில் சோளம் இறக்கியது என்றார்கள்.
போனால், பாயா பிளாங்காவுக்கு உப்பு ஏற்றப் போய்விட்டது.
அங்கே கேட்டால், அச்சு முறிந்து எங்கோ ஓரங்கட்டியிருக்கிறது.
பதினோரு மாதம் கழித்து லப்ரிதாவில் கண்டேன்:
சக்கரம் வரைக்கும் புல்.
கதவைத் தள்ளினால்
லைன்மேன் பெண்டாட்டியின் கோழிகள்
இந்த நேரத்தில் யார் என்று பார்த்தன.

அன்று மாலையே என் ரயிலில்
எண்ணிக்கொண்டு போகிறேன்,
பத்து, பதினொன்று, பன்னிரண்டு.
கெட்டிலில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது.

உறையை வாங்கினான். கறுப்புக் கோட்டை
விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவந்தான்.
தபால்தலையில் இருந்த கப்பலைப் பார்த்தான்.
பிறகு என்னைப் போலவே தடவினான்.
"சாவி," என்றான். "பூட்டு ரொம்பத் தூரத்தில் இருக்கிறது."
மாத்தே உறிஞ்சும் சத்தம்.
கெட்டில் ஆவியில் அவன் முகம் தெரியவில்லை,
நானும் குனிந்து பார்க்கவில்லை.
"பெலிசாரியோ, ஒரு ஆட்டம் போடலாமா?"
சீட்டைக் கலைத்தான்.
பந்தயம் என்று உறையைத் தரையில் வைத்தான்.
நான் ஒரு பாக்கெட் சிகரெட் வைத்தேன்.

பதினைந்து வருஷத்தில் முதல்முறையாகத் தோற்றான்.
அவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற ஆளை
நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.
ஆறுதல் பரிசு என்று என் சிகரெட்டில் ஒன்றை உருவிக்கொண்டு
சலாதோ பாலத்துக்கு முன்னால், வேகம் குறையும் வளைவில்,
குரங்கை முதலில் வீசி, பின்னாலேயே குதித்தான்.
புல்லுக்குள் எழுந்து நின்று தொப்பியைத் தட்டினான்.
நான் பச்சைக் கொடியை ஆட்டினேன்.
அதற்குத்தானே சம்பளம்.

உறையை இன்றுவரை பிரிக்கவில்லை.
லூகோ எந்தத் திசை என்றுகூட எனக்குத் தெரியாது.
மழை பெய்தால் மட்டும் நினைத்துக்கொள்கிறேன்,
அங்கே ஏதோ ஓட்டு வீட்டில் ஒழுகுமோ என்று.
கோட்டின் இடது பக்கம் கொஞ்சம் தொங்குகிறது.
தையல்காரனிடம் இரண்டுமுறை கொடுத்துவிட்டேன்,
சரியாகவில்லை.