திரைக்கு இந்தப் பக்கம்

மூன்று வேட்டிகளைச் சேர்த்துக் கட்டிய திரைக்குப் பின்னால்
உம்மாவைக் குளிப்பாட்டுகிறார்கள்.
மகன் பார்க்கக் கூடாது.
கேட்கலாம்.

அண்டாவில் சொம்பு முட்டும் சத்தம்.
இலந்தை இலை வெந்த வாசம்.
கொல்லை அடுப்புக்குப் பாளை ஒடித்துப் போடுகிறாள்
எதிர்வீட்டுப் பாக்கியம், மூக்கைச் சிந்திக்கொண்டே.
வெண்ணாற்றில் தண்ணீர் வந்து இன்றோடு மூன்று நாள்.
வாய்க்கால் இன்னும் கூளத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது.

நாற்பத்தொரு வருஷம்
கூத்தாநல்லூரில் எந்தப் பெண் மவுத்தானாலும்
மோதினார் முதலில் தட்டியது எங்கள் கதவை.
"ஜொகரா லாத்தா இருக்காங்களா?"
பஜ்ருக்கு முந்தி என்றாலும், ஐப்பசி அடைமழை என்றாலும்
ஒளு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.
கூலி கிடையாது. அந்த வீட்டுத் தேத்தண்ணிகூடக் கிடையாது.
"ஊர் மேல உள்ள கடன்டா இது.
நாலு பேர் அடைச்சா எல்லாரும் அடைச்ச மாதிரி" என்பாள்.
அந்த நாலு பேரில் மற்ற மூவர் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்பாளாம்,
பிறந்த பிள்ளைக்குப் பார்ப்பது போல.
"மெல்லத் தேய்ங்க புள்ளைகளா, அவளுக்கு நோவும்."
இதெல்லாம் அடுத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்தது வேறு.
ஒன்பது வயதில் ஒரு நாள்
அந்தக் கை பிசைந்த சோற்றை நான் தள்ளிவிட்டேன்.
காரணம் கேட்கவில்லை.
அடுத்த மவுத்திலிருந்து, அந்த நாட்களில் மட்டும்,
என் தட்டில் அக்கா சோறு போட்டாள்.
உம்மா அடுப்படியில் முதுகு காட்டி நின்றாள்.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
அவளும் சொல்லியிருக்க மாட்டாள்.

ஊர்ப் பெண்களின் உடம்பெல்லாம் அவளுக்குத் தெரியும்.
எவள் வயிற்றில் எத்தனை தையல்,
எவள் காது ரெண்டு முறை கிழிந்தது,
எவள் இறுதிவரை முடிக்குச் சாயம் பூசினாள்.
கபன் துணியின் ஐந்து துண்டுக்குள்
எல்லாவற்றையும் சுற்றி அனுப்பிவிட்டு
வெறுங்கையோடு வீடு வருவாள்.

ஒரே ஒரு முறை,
நடுத்தெருவுக்கு வாழ வந்த பரீதாவைக் குளிப்பாட்டிய அன்று,
வீடு வரவில்லை.
ஈரச் சேலையோடு ஜமாஅத் ஆபீஸ் படியில் உட்கார்ந்தாள்.
பெண்கள் வரக் கூடாத படி.
லுஹர் போனது, அஸர் போனது.
தலைவர் குனிந்து சொன்னார்:
"மையத்தில் பார்த்ததை மறைக்கச் சொல்லித்தானே இருக்கு, லாத்தா?"
"குறையை மறைக்கத்தான் சொல்லியிருக்கு.
குத்தத்தை இல்லை."
மஃரிபுக்குள் போலீஸ் ஜீப் வந்தது.
அதன் பிறகு ரெண்டு வருஷம்
அந்தத் தெருவில் அவளுக்கு ஸலாம் சொன்னவர் குறைவு.
ஆனால் மவுத்து என்றால் அந்தத் தெருவிலிருந்தும் கூப்பிட்டார்கள்.
போனாள்.

தனக்கென்று மன்னார்குடியில் வாங்கிய கபன் துணி
டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது.
மூன்று முறை அது வேறு யாருக்கோ போனது.
நான்காவதை நேற்று ராத்திரி நான் எடுத்தபோது
மடிப்பில் கற்பூரமும்
கடைக்காரன் ரசீதும்.
பாக்கி இல்லை.

திரைக்குப் பின்னால் தண்ணீர் நிற்கிறது.
மறுபடி ஊற்றுகிறார்கள். எண்ணிக்கொண்டிருந்தேன்,
ஐந்துக்குப் பிறகு விட்டுவிட்டேன்.

வெளியே வருகிறாள் நூர்ஜஹான்,
முழங்கை வரை ஈரம்.
எண்பத்தாறு வருஷத்து உடம்பில்
என் பிறப்பின் தையல் எங்கே இருந்தது,
அடுப்பு சுட்டது எங்கே,
நான் அறியாத ஏதாவது வடு உண்டா,
நோன்பாய் நோன்பு நோற்ற வயிறு எப்படி இருந்தது,
கேட்க வாயெடுக்கிறேன்.

அவள் கையைத் துடைத்துக்கொள்கிறாள்.
"தண்ணி பதமாத்தான் இருந்துச்சுண்ணே" என்கிறாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.