மீத எடை

மணி ரெண்டே கால்.
கரண்ட் போய் மிஷின்கள் பாதிச் சுற்றில் நிற்க
நூல்கோன் பெட்டிமேல் உட்கார்ந்து
செல்போனில், மூன்றாம் நிலவறை வாசலில் நான்.

அனுப்பர்பாளையத்துப் பாத்திரக்கடை மாதிரி
விரித்து வைத்திருக்கிறான் கொல்லன்.
தகட்டுக் கவசம், எடை நாற்பது.
நான் சுமக்க முடிந்ததும் நாற்பதுதான்.

வளையக் கவசம் இருபத்தாறு.
பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணிக்குள் கண்ணி.
அட, இது நம்ம சரக்குங்க!
இரும்பில் ஓட்டின இன்டர்லாக்.
லூப் லென்த் கூட்டினால் எடை இறங்கும்;
கொல்லனிடம் அதற்குப் பொத்தான் இல்லை.

கடைசியில் தொங்குகிறது சிலந்திநூல் சட்டை.
எடை ஏழு. தடுப்பு, சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.
பெருவிரலால் திரையைத் தேய்க்கிறேன்,
துணி பார்க்கிற பழக்கம்.
கண்ணாடிதான் வழுக்குகிறது.
நூற்றியிருபது ஜிஎஸ்எம் இருக்கலாம்,
விளக்கில் பிடித்தால்
அந்தப் பக்கம் நிற்கும் எலும்பு வில்லாளி தெரிவான்.

‘தகடே வாங்குங்க, செத்துப்போயிராதீங்க’
பெருந்துறையிலிருந்து எழுதுகிறாள் யுவராணி,
எங்கள் கூட்டத்து மருத்துவச்சி.
நேரில் பார்த்ததில்லை.

போன வாரம் இரண்டாம் அறையில் அவள் விழுந்தாள்.
விழுந்தவரைத் தூக்க முப்பது வேண்டும்.
என்மேல் தகடு.
ஒரு கீறலில்லாமல்
தனியாக வெளியே வந்தேன்.
அதைப் பற்றி
அவள் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிலந்திநூலைத் தொட்டேன்.
மீதப் பொன் பன்னிரண்டு.
மீத எடை முப்பத்துமூன்று.

‘இருங்க, கரண்ட் வந்திருச்சு’
என்று தட்டிவிட்டு எழுந்தேன்.
எண்ணெய்க்கறை பட்ட செகண்ட்ஸ் பனியன்
முதுகோடு ஒட்டிக் கிடந்தது.
நாலாம் மிஷினில் நூல் அறுந்திருக்கிறது.